கடல் கடந்து அரசியல் கற்றவர்கள்

அறிவை நாடிப் பிறநாடு செல்வது உலகுக்குப் புதிய செய்தியன்று. பௌத்த நூல்களைத் தேடிப் புறப்பட்ட பாஹியன் என்னும் சீனத் துறவி, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்விலங்கையை அடைந்து ஈராண்டு தங்கினார். மருத்துவமும் சட்டமும் பயில இளைஞர் கப்பலேறிய கதை நம் முந்திய தலைமுறையினர் நன்கறிந்ததே. ஆயினும், ஆட்சிப் பீடத்தில் அமர்ந்திருப்போரே எழுந்து, “ஆளும் முறையை நாம் இன்னும் கற்கவேண்டும்” என எண்ணி, மாணாக்கர் போலப் பிறநாடுகளுக்குச் செல்வது அரிதினும் அரிது. ருஷ்யப் பேரரசர் பீட்டர் 1697 ஆம் ஆண்டில் ஒல்லாந்து சென்று கப்பற்றொழில் பயின்றதைச் சரித்திரம் வியந்து பேசுகின்றது. அவரோ தனியொரு மன்னர். ஓர் அரசாங்கத்தின் தலைவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் ஒருங்கே நாட்டைவிட்டு வெளியேறி, ஓராண்டும் ஒன்பது மாதமும் உலகைச் சுற்றி அரசியல் கற்றுத் திரும்பிய வரலாறு ஒன்றுண்டு. அது யப்பான் நாட்டின் இவாகுரா தூதுக்குழுவின் வரலாறாகும். அக்குழுவினர் எவ்வாறு கற்றனர், கற்றதனால் எதைப் பெற்றனர், எதைத் தவறவிட்டனர் என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

இப்பயணத்தின் அருமை விளங்கவேண்டுமாயின், அதற்கு முன்னிருந்த நிலையை நாம் அறிதல் வேண்டும். 1635 ஆம் ஆண்டு முதல் யப்பானியர் எவரும் நாட்டைவிட்டு வெளியேறலாகாது. வெளியேறித் திரும்பினால் மரணதண்டனை. நாகசாகித் துறைமுகத்தில் ஒல்லாந்தருக்கும் சீனருக்கும் ஒதுக்கப்பட்ட சிறு வாயில் ஒன்றைத் தவிர, மேலைத் திசைக்கு நாடு தன் கதவுகளைச் சாத்தியே வைத்திருந்தது. 1853 இல் அமெரிக்கத் தளபதி பெரியின் போர்க்கப்பல்கள் தலைநகருக்கு அண்மையிலுள்ள குடாவில் நங்கூரமிட்டன. 1858 இல் அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்சு, ருஷ்யா, ஒல்லாந்து ஆகிய ஐந்து வல்லரசுகளோடு ஒப்பந்தங்கள் கைச்சாத்திடப்பட்டன. அவற்றுள் இரண்டு முட்கள் இருந்தன. யப்பான் மண்ணில் அந்நியன் ஒருவன் குற்றம் புரிந்தால், அவனை விசாரிக்கும் உரிமை அவனுடைய நாட்டுக் கொன்சலுக்கே உரியது. இறக்குமதிப் பொருள்களுக்கு எவ்வளவு தீர்வை விதிப்பதென்பதையும் யப்பான் தானாகத் தீர்மானிக்க முடியாது. தன் வீட்டு வாயிலில் யார் வரவேண்டும், என்ன கொடுத்து வரவேண்டும் என்று சொல்லும் உரிமையைத் தானே இழந்துவிட்ட நிலை அது.

1868 இல் பழைய ஷோகுன் ஆட்சி வீழ்ந்தது. பேரரசர் மெய்ஜியின் பெயரால் புதிய அரசாங்கம் அமைந்தது. உலகெங்கும் அறிவைத் தேடவேண்டும் என்பதை அவ்வரசாங்கம் தன் தொடக்கப் பிரகடனத்திலேயே ஒரு நோக்கமாக எழுதிவைத்தது. 1871 ஆம் ஆண்டுக் கோடையில், நூற்றுக்கணக்கான சிற்றரசுகளை ஒழித்து நாட்டை ஒரே ஆட்சியின் கீழ்க் கொணர்ந்தது. அவ்வாண்டு முடிவதற்குள், டிசம்பர் 23 ஆம் நாள், யொக்கொகாமாத் துறைமுகத்திலிருந்து “அமெரிக்கா” என்னும் நீராவிக் கப்பலில் தூதுக்குழு புறப்பட்டது. தலைவர் இவாகுரா தொமோமி, அரசவைப் பிரபு, வயது 46. துணைத் தூதுவராகக் கிதோ தக்கயோஷி, ஒக்குபோ தொஷிமிச்சி, இத்தோ ஹிரோபுமி, யமாகுச்சி மசுக்கா ஆகிய நால்வர் சென்றனர். கிதோவும் ஒக்குபோவும் புரட்சியை நடத்திய தூண்கள். உத்தியோகத்தரும் மாணவருமாகக் கப்பலிற் சென்றோர் நூற்றுக்கு மேற்பட்டவர்.

இவர்களுள் இத்தோவின் கதையைச் சிறிது நோக்குவோம். 1863 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எடோ நகரில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த பிரித்தானியத் தூதரகத்துக்குத் தீ வைத்த இளைஞர் கூட்டத்தில் அவரும் ஒருவர். அதே ஆண்டில், சட்டத்தை மீறி, ஒளித்துக் கப்பலேறி இலண்டன் சென்று பல்கலைக்கழகக் கல்லூரியில் மாணவராய்ச் சேர்ந்தவரும் அவரே. தீ வைத்த கையே பின்னர் நூலைப் பிரித்தது. பகைவனை அறியாது எதிர்ப்பதனாற் பயனில்லை என்பதைத் தம் வாழ்விற் கண்ட அத்தகையோர் அரசாங்கத்தில் இருந்தமையாலேயே, இத்தூதுக்குழு என்னும் எண்ணம் செயலாயிற்று. இதற்கான திட்டமொன்றை 1869 ஆம் ஆண்டிலேயே எழுதிக் கொடுத்தவர், யப்பானில் ஆசிரியராயிருந்த வெர்பெக் என்னும் ஒல்லாந்தர்.

தூதுக்குழுவின் நோக்கங்கள் மூன்று. புதிய அரசின் வணக்கத்தைப் பிறநாட்டு மன்னர்க்கும் தலைவர்க்கும் தெரிவித்தல் முதலாவது. 1872 இல் மீள ஆராயப்படக்கூடியனவாயிருந்த ஒப்பந்தங்களைத் திருத்துவது குறித்துப் பேசுதல் இரண்டாவது. அந்நாடுகளின் சட்டம், நிதி, கல்வி, தொழில், படை ஆகியவற்றை நேரிற் கண்டறிதல் மூன்றாவது. இவற்றுள் இரண்டாவது முற்றாகத் தோல்வியடைந்தது, மூன்றாவதே நிலைத்தது.

தோல்வியின் கதை அறிவூட்டும் கதை. சன்பிரான்சிஸ்கோவில் தூதுவர்க்குக் கிடைத்த வரவேற்பு பெரிது. அங்கே இத்தோ ஆங்கிலத்திற் சொற்பொழிவாற்றி, யப்பானியக் கொடியிலுள்ள செவ்வட்டம் இனிப் பூட்டிய நாட்டின் முத்திரையன்று, எழுஞாயிறே என்று விளக்கினார். இரயில்வழியிற் பனி மூடியதனால் சோல்ட் லேக் நகரிற் பல நாள் தங்கிக் காத்திருந்தனர். சிக்காகோ நகரம் முந்திய ஒக்டோபரில் பெருந்தீயால் அழிந்து கிடந்தது. இவாகுரா அந்நகரத்தாரின் துயர்துடைப்புக்கு 5,000 டொலர் வழங்கினார். அதுவரை குடுமியோடும் மரபுடையோடும் வந்த அவர், குடுமியைக் களைந்ததும் அந்நகரிலேதான். அமெரிக்காவிற் கல்வி பயின்ற அவருடைய மைந்தர், அக்கோலத்தை அமெரிக்கர் ஒரு விநோதமாகவே பார்க்கின்றனர் என்று எடுத்துரைத்தனர் என்பர்.

1872 பெப்ரவரி முடிவில் வாஷிங்டனை அடைந்தனர். வரவேற்பின் சிறப்பைக் கண்டு, ஒப்பந்தத்தை உடனே திருத்திவிடலாம் என்ற ஆசை பிறந்தது. பேச்சுத் தொடங்கியதும் அமெரிக்கர் கேட்ட முதற் கேள்வி: “ஒப்பந்தம் செய்ய உங்களுக்கு முழு அதிகாரம் அளிக்கும் பத்திரம் எங்கே?” அப்படியொரு பத்திரம் அவர்களிடம் இல்லை. அதனைப் பெற்றுவர ஒக்குபோவும் இத்தோவும் கண்டமும் சமுத்திரமும் கடந்து தோக்கியோ சென்று மீண்டனர். நான்கு மாதம் கழிந்தது. இதற்கிடையில், ஒரு நாட்டுக்கு அளிக்கும் சலுகை ஏனைய நாடுகளுக்கும் தானாகவே சென்றுசேரும் என்ற ஒப்பந்த விதியின் சிக்கலும் அவர்களுக்குப் புலனாயிற்று. தனித்தனியே பேசினால் தம் நாடே இழப்புறும் என உணர்ந்து பேச்சைக் கைவிட்டனர். விருந்தோம்பல் வேறு, அரசியல் வேறு என்பது அவர்கள் கற்ற முதற்பாடம். எந்த நூலும் அதனை அத்துணைத் தெளிவாகக் கற்பித்திராது.

இனி, அவர்கள் கற்ற முறையை நோக்குவோம். குழுவினர் காண்பவற்றையெல்லாம் எல்லோரும் ஒன்றாய்க் கண்டு வியந்து திரும்பவில்லை. நீதிப் பகுதியார் நீதிமன்றங்களையும் சிறைகளையும், கல்விப் பகுதியார் பள்ளிகளையும், நிதிப் பகுதியார் வங்கிகளையும் நாணயசாலைகளையும் எனப் பிரித்துக்கொண்டு ஆராய்ந்தனர். தூதுவரின் அந்தரங்கச் செயலாளராய்ச் சென்ற குமே குனிதாக்கே, கொன்பியூசிய நெறியிற் பயின்ற 32 வயது அறிஞர், நாள்தோறும் குறிப்பெழுதினார். அக்குறிப்புகள் 1878 இல் ஐந்து தொகுதிகளாக, நூறு அத்தியாயங்களோடு வெளிவந்தன. நாட்டு மக்களின் வரிப்பணத்திற் சென்றோர் தாம் கண்டதை மக்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற எண்ணமே அந்நூலுக்கு அடிப்படை. கண்ணாடி வார்ப்பது முதல் கடதாசி செய்வது வரை, பாராளுமன்றம் கூடுவது முதல் அனாதைச் சிறுவரை வளர்ப்பது வரை அந்நூல் கூறாத பொருளில்லை.

பிரித்தானியாவில் லிவர்ப்பூல் துறைகளையும், மான்செஸ்டர் நூலாலைகளையும், நியூகாசிலில் ஆம்ஸ்ட்ரோங் பீரங்கித் தொழிற்சாலையையும் கண்டனர். விக்டோரியா மகாராணியார் ஊரில் இல்லாமையால், டிசம்பர் 5 ஆம் நாள் வரை காத்திருந்தே வின்ட்சர் மாளிகையிற் காண முடிந்தது. அவர்களுட் பலர் பணம் போட்டுவைத்த வங்கியொன்று அக்காலத்தில் முறிந்து போனது. மேனாட்டு நிதிமுறையின் மறுபக்கத்தையும் இவ்வாறு தம் பணப்பை கொண்டே கற்றனர்!

இப்பயணத்திற் குமே அடைந்த முடிவொன்று மிக ஆழமானது. ஐரோப்பாவின் செல்வமும் வலிமையும் தொன்றுதொட்டு வந்தனவல்ல. பெரும்பாலும் 1800 க்குப் பின்னர், அதிலும் நீராவியும் புகைவண்டியும் பரவிய ஒரு நாற்பதாண்டுக் காலத்தில் விளைந்தனவே என்று அவர் கணித்தார். இக்கணிப்பின் பயனை எண்ணிப் பாருங்கள். மேனாட்டார் பிறப்பிலேயே உயர்ந்தவர் என்று நம்பினவன் அவர்களை வணங்குவான், அன்றி வெறுப்பான், அவர்களிடம் கற்கமாட்டான். நாற்பதாண்டில் ஒருவர் செய்ததை மற்றொருவரும் செய்யலாம் என்று கண்டவனே கற்பான். அந்நிய நாட்டில் வாழ்ந்து பெறத்தக்க முதற்பேறு இதுவே: வியப்பு நீங்கிக் காரணம் தெரிதல்.

1873 மார்ச்சு 15 ஆம் நாள் பெர்லினில் பிஸ்மார்க் அவர்களுக்கு விருந்தளித்தார். நாடுகளுக்கிடையிலான சட்டம் என்று ஒன்றிருப்பதாய்ப் பேசுகின்றனர். ஆனால் வலிய நாடு தனக்கு நன்மை தரும்போதே அதனைப் பின்பற்றும், இல்லையேற் படைவலியைப் பயன்படுத்தும். பிரஷ்யா தன் வலிமையாலேயே தலைநிமிர்ந்தது என்னும் கருத்துப்பட அவர் உரையாற்றினார். ஒப்பந்தத் தோல்வியின் புண் ஆறாதிருந்த விருந்தினர் நெஞ்சில் அச்சொற்கள் ஆழப் பதிந்தன. நல்லாசிரியன் சொல்லும் மாணாக்கனின் மனநிலைக்கேற்பவே விளையும். இவ்விதையின் விளைவைப் பின்னர்க் காண்போம்.

ஒக்குபோவும் கிதோவும் நாட்டலுவல் காரணமாக முன்னரே திரும்பினர். ஏனையோர் ருஷ்யா, டென்மார்க், சுவீடன், இத்தாலி, ஒஸ்திரியா, சுவிற்சர்லாந்து எனக் கண்டு, பன்னிரண்டு நாடுகளை நிறைவுசெய்து, 1873 ஜூலை 20 ஆம் நாள் மார்செய் துறையிற் கப்பலேறினர். சூயெஸ் கால்வாய் திறந்து நாலாண்டுகூட ஆகவில்லை. ஏடனைக் கடந்த பின்னர், ஆகஸ்டு மாதத்தில், அவர்கள் இறங்கிய துறை நம் காலித் துறையே. கொழும்பில் அலைதடுப்பு அணை கட்டும் வேலை 1875 இலேயே தொடங்கிற்று. அதுவரை கீழைத்தேயக் கப்பல்களுக்குக் காலியே தங்குதுறை. குமேயின் நூலில் இலங்கைத் தீவுக்கெனத் தனி அத்தியாயமே உண்டு. ஒல்லாந்தர் பெருக்கிக் கட்டிய கோட்டையின்மேல் ஆங்கிலேயர் கொடி பறந்த காட்சி, கற்றுத் திரும்பிய அவ்வாசிய மாணாக்கர்க்கு எத்தகைய பாடமாயிருந்திருக்கும் என்பதை நேயர்களே உய்த்துணரலாம். ஐரோப்பாவில் இன்முகம் காட்டிய ஐரோப்பியர், ஆசியத் துறைகளில் நடந்துகொண்ட விதம் வேறாயிருந்ததையும் குமே குறிக்கத் தவறவில்லை.

செப்டெம்பர் 13 ஆம் நாள் யொக்கொகாமாவை அடைந்தபோது நாட்டில் ஒரு புயல் காத்திருந்தது. நாட்டிலேயே தங்கி ஆட்சியை நடத்திய சைகோ தக்கமோரி முதலியோர் கொரியாமீது படையெடுப்புக்கு வழிவகுக்கும் தூதொன்றை அனுப்ப முனைந்திருந்தனர். இவாகுராவும் ஒக்குபோவும் கிதோவும் அதனை எதிர்த்தனர். ஆலைகளையும் பள்ளிகளையும் கண்டு வந்தவர்க்கு, முதலில் வீட்டைச் செப்பனிடவேண்டும் என்பது கண்கூடாயிருந்தது. ஒக்டோபர் மாதத்தில் அவர்கள் கருத்தே வென்றது. சைகோ பதவி துறந்து ஊர் திரும்பினார். 1877 இல் அவர் கிளர்ச்சியிற் பட்டு மடிந்தார். மறு ஆண்டு ஒக்குபோ வெட்டிக் கொலை செய்யப்பட்டார். சிறுவயதிலிருந்தே நண்பராயிருந்த இருவர், ஒருவர் உலகைக் கண்டும் மற்றவர் காணாதும், எதிரெதிரே நின்று அழிந்தமை அவ்வரலாற்றின் சோகங்களுள் ஒன்று.

கற்றதை நாட்டிற் பயிரிட்ட வேலையும் எளிதாய் முடியவில்லை. கல்விப் பகுதியின் தனாக்கா பூஜிமாரோ, அமெரிக்க முறையை ஒட்டி, ஊர்மக்களுக்கே பள்ளிகளில் அதிக உரிமையளிக்கும் சட்டத்தை 1879 இல் கொணர்ந்தார். அடுத்த ஆண்டே அது மாற்றப்பட்டது. அரசியலமைப்பைப் பற்றி இத்தோ மீண்டும் 1882 இல் ஐரோப்பா சென்று, பெர்லினில் க்னைஸ்டிடமும் வியன்னாவில் ஸ்டைனிடமும் பயின்று வந்தார். 1889 இல் அரசியலமைப்பு வெளியாயிற்று. அதனை வகுத்த இத்தோவின் உதவியாளருள் ஒருவரான கனேகோ கென்தாரோ, 1871 இல் அதே கப்பலில் மாணவராய்ச் சென்று ஹாவர்ட் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்றவர். ஆயினும் அடுத்த ஆண்டு நடந்த முதற் தேர்தலில் வாக்குரிமை பெற்றோர் மக்களுள் நூற்றுக்கு ஒருவரளவே. பிரித்தானியப் பாராளுமன்றத்தையும் அமெரிக்கக் குடியரசையும் கண்டவர், பேரரசர்க்கே மேலாண்மை தரும் ஜேர்மானிய முறையைத் தெரிந்தெடுத்தனர். இருந்ததை எடுத்தனர் என்பதிலும், வேண்டியதைத் தேர்ந்தனர் என்பதே பொருந்தும்.

இக்கப்பலிற் சென்றோருள் ஐவரைப் பற்றி இன்னும் கூறவில்லை. அவர்கள் சிறுமியர். ஹொக்கைதோக் குடியேற்றப் பணிமனையின் துணைத்தலைவர் குரோடா கியோதக்காவின் முயற்சியால், பத்தாண்டு அமெரிக்காவிற் கல்வி பயில அரசாங்கச் செலவில் அனுப்பப்பட்டவர். அவர்களுள் இளையவளான சூடா உமே ஏழு வயதும் நிரம்பாதவள். யமக்காவா சுத்தேமாத்சு, 1868 இல் முற்றுகையிடப்பட்ட அய்சுக் கோட்டைக்குள் இருந்து பீரங்கிக் குண்டுகளைக் கண்டவள். ஐவரும் புரட்சியில் தோற்ற பக்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகள். வென்றவர் தம் மகளிரை அனுப்ப முன்வரவில்லை. மூத்தவர் இருவர் நோயுற்று விரைவில் திரும்பினர், மூவர் தங்கினர். தூதுவர் மாளிகைகளில் விருந்துண்டு கண்டதை, இச்சிறுமியர் குடும்பங்களில் வளர்ந்து, உண்டு, உறங்கி, அழுது, விளையாடிக் கற்றனர். சுத்தேமாத்சு 1882 இல் வாசர் கல்லூரியிற் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற முதல் யப்பானியப் பெண் அவரே.

அவ்வாண்டு தாயகம் திரும்பிய உமேக்குத் தாய்மொழியே மறந்திருந்தது. பெற்ற தாயோடு பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது. அதனினும் கொடியது மற்றொன்று: அனுப்பிய பணிமனையே அதற்குள் கலைக்கப்பட்டிருந்தது, திரும்பி வந்த பெண்களுக்குக் கொடுக்க அரசாங்கத்திடம் பணியெதுவும் இல்லை. ஆடவர் திரும்பினால் அமைச்சும் ஆலையும் காத்திருந்தன. பெண்கள் திரும்பினால் திருமணமே காத்திருந்தது. சுத்தேமாத்சு, தம் கோட்டையைத் தாக்கிய சேனையில் இருந்த ஒயாமா இவாவோ என்னும் தளபதியையே மணந்தார். உமே மணம் செய்யாது ஆசிரியரானார்; மீண்டும் அமெரிக்கா சென்று பிறின் மோர் கல்லூரியிற் பயின்றார்; 1900 இல் பத்து மாணவியரோடு பெண்களுக்கான உயர்கல்விக் கூடமொன்றைத் தாமே நிறுவினார். கப்பலிற் பெற்ற நட்பு அறாது, மற்றிருவரும் துணைநின்றனர். அக்கூடம் இன்று சூடா பல்கலைக்கழகம். 2024 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட 5,000 யென் தாளில் அப்பெருமாட்டியின் உருவம் பொறிக்கப்பட்டுள்ளது. பணி கொடுக்க மறந்த அரசு, நூற்றாண்டொன்றின் பின்னர் நாணயத்தாளிற் கொடுத்த இடம் அது.

இறுதியாக ஒன்று. கொரியாப் போரை 1873 இல் தடுத்தவர், அது தீதென்று தடுத்தாரல்லர். காலம் வரவில்லை என்றே தடுத்தனர். 1876 இல், போர்க்கப்பல்களை நிறுத்திக்கொண்டு, கொரியாமீது யப்பான் ஓர் ஒப்பந்தத்தைச் சுமத்திற்று. யப்பானியன் கொரியாவிற் குற்றம் புரிந்தால் யப்பானியக் கொன்சலே விசாரிப்பார் என்பது அதன் விதிகளுள் ஒன்று. எந்த முள்ளைக் களைய அவர்கள் உலகைச் சுற்றினார்களோ, அதே முள்ளை அயலானின் காலில் ஏற்றினார்கள். தம்மீதிருந்த முள் 1899 இல் நீங்கிற்று. தீர்வை உரிமை 1911 இல் முழுமையாக மீண்டது. அதற்கு முந்திய ஆண்டில் கொரியா தன் சுதந்திரத்தையே இழந்துவிட்டிருந்தது. அங்கே யப்பானின் முதல் அதிபராய் இருந்த இத்தோ, 1909 இல் ஹார்பின் புகைவண்டி நிலையத்தில் ஒரு கொரியரின் குண்டுக்கு இரையானார்.

ஆதலால் இவாகுரா தூதுக்குழுவின் வரலாறு வெறும் வெற்றிக் கதையன்று. பிறர் நாட்டில் வாழ்ந்து அவர்தம் ஆட்சிமுறையைக் கற்றல் ஒரு நாட்டை நாற்பதாண்டில் உயர்த்தக்கூடும் என்பதற்கு அது சான்று. கற்றுவந்தவரை ஏற்க வீடு ஆயத்தமாயிராவிடின், கல்வி அந்தரத்தில் நிற்கும் என்பதற்கும் சான்று. எல்லாவற்றுக்கும் மேலாக, வலியவரின் நடுவே சென்று கற்பவன் வலிமையின் இரகசியத்தை மட்டும் கற்றுத் திரும்பினால், தான் பட்ட துன்பத்தையே பிறர்க்குச் செய்வான் என்பதற்கும் அதுவே சான்று. பள்ளி, ஆலை, பாராளுமன்றம் ஆகிய இவற்றைக் கண்டு குறிப்பெழுதலாம். அயலானின் நோவைத் தன் நோவாக அறிதலையோ எந்த நாட்டுக் கல்விப் பகுதியும் காட்சிக்கு வைப்பதில்லை. கடல் கடந்து செல்வோர் அதனைத் தாமே தேடிக் கற்றல் வேண்டும்.